பல்லு போச்சு, சொல்லும் போச்சு

நான் ஓட்டாத 400 கிலோமீட்டருக்கு இன்னைக்கு என்னை ஆயில் மாத்தச் சொல்றாங்கய்யா.

வண்டியை நிறுத்திட்டு ஹெல்மெட்டைக் கூடக் கழட்டல. மெக்கானிக் குனிஞ்சு மீட்டரைப் பாத்தார். "சார், போன தடவைல இருந்து 6000 ஓடிருச்சு. ஆயில் மாத்திருவோம்."

"இல்லண்ணே, 5600தான் ஓடிருக்கு."

மீட்டரைப் பாத்தார். என்னைப் பாத்தார். மறுபடியும் மீட்டரைப் பாத்தார். அந்தப் பார்வை இருக்கே, வீட்ல யாராவது பெரியவங்க கூட வந்திருக்காங்களான்னு தேடற பார்வை.

இத்தனைக்கும் என் வண்டியோட முன் ஸ்ப்ராக்கெட்ல, அதான் செயினை இழுக்கற பல்சக்கரத்துல, 15 பல்லை 14 பல்லாக்கினது இதே ஆளு, இதே கை, இதே ஸ்பேனர். கவரைத் திறந்தா உள்ள செயினுக்கு அடிக்கற லூப் எண்ணெயும் மண்ணும் சேர்ந்து தார் மாதிரி அப்பியிருந்துச்சு. ஸ்க்ரூடிரைவரால சுரண்டி, மடிச்சு விட்டிருந்த லாக் வாஷரை உளியால தட்டி நிமித்தி, நட்டைத் திருகினார். அது அசையல. "சார், பின் பிரேக்கை அமுக்கிப் பிடிங்க"ன்னார். பிடிச்சேன். ஆமா, இந்தக் குத்தத்துல நானும் கூட்டாளி. ஒரு பல்லு குறைஞ்சதால செயின் தொங்குச்சு, பின் அச்சை ஒரு 4 மில்லிமீட்டர் பின்னால இழுத்துக் கட்டினார். அப்பவே கேட்டேன். தெளிவா, நிறுத்தி நிதானமாக் கேட்டேன்: "அண்ணே, இதனால மீட்டர் மாறுமா?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்."

இந்த நாலு வார்த்தையை நம்பி நாசமாப் போனவங்க எத்தனை பேர்னு கணக்கெடுக்கணும்.

ஏன் மாத்தினேன்னு கேக்காதீங்க. ஏத்தத்துல மூணாவது கியர் முக்கும், ரெண்டாவது கியர் கத்தும். ஆறாவது கியர்னு ஒண்ணு அழகுக்கு வச்சிருப்பான். முன்னால ஒரு பல்லைக் குறைச்சா இழுவை கூடும், பின்னால மூணு பல்லு கூட்டின மாதிரி. என் பின் ஸ்ப்ராக்கெட்ல 43 பல்லு. 43ஐ 14ஆல வகுத்தா 3.07, 46ஐ 15ஆல வகுத்தாலும் 3.07. பின் ஸ்ப்ராக்கெட் பெரிசாப் போட்டா செயினும் பத்தாமப் போகலாம். முன்னாடி மாத்தறது சுலபம். எல்லாரும் இதைத்தான் சொன்னாங்க, நானும் கேட்டேன்.

"மீட்டருக்கு ஒண்ணும் ஆகாது"ன்னு சத்தியம் பண்ணினவங்க வண்டியில ஸ்பீடு சென்சார் முன் சக்கரத்துல இருக்கு. அதை மட்டும் ஒருத்தரும் சொல்லல. முன் சக்கரத்துக்கும் செயினுக்கும் என்ன சம்பந்தம்? பின்னால அத்தனை பல்லையும் புடுங்கினாலும் அது கவலைப்படாது. ஓட்டோ ஷுல்ட்சேன்னு ஒருத்தர் 1902லயே காந்தத்தைச் சுத்தவிட்டு முள்ளை நகர்த்தற மீட்டருக்குக் காப்புரிமை வாங்கிட்டார். அப்புறம் எத்தனையோ வண்டியில முன் சக்கரத்துல இருந்து ஒரு கேபிளை இழுத்து அந்த மீட்டரைத்தான் சுத்தவிட்டாங்க. அந்தப் பழைய வண்டிகளுக்கு இந்தத் தலைவலி கிடையாது. என் வண்டி நவீனம். சென்சார் கியர்பாக்ஸ்ல உக்காந்து வெளிய வர்ற, முன் ஸ்ப்ராக்கெட் மாட்டியிருக்கற ஷாஃப்ட் எத்தனை சுத்து சுத்துதுன்னு எண்ணும். வாசல்ல உக்காந்து வெளிய போற ஆளை எண்ணறவனுக்கு அவங்க எங்க போனாங்கன்னு எப்படித் தெரியும்? 15 பல்லு காலத்துக் கணக்கையே இன்னும் போட்டுக்கிட்டு இருக்கு. இப்ப அதே தூரத்துக்கு ஷாஃப்ட் ஏழு சதவீதம் கூடச் சுத்துது. மீட்டரும் ஏழு சதவீதம் கூடப் புளுகுது.

சரி, முன்னாடி மட்டும் அது அரிச்சந்திரனா? அதுவும் இல்ல. மீட்டர் நிஜ வேகத்தைவிடக் குறைச்சுக் காட்டவே கூடாது, ஆனா கூட்டிக் காட்டலாம்னு ஐ.நா.வோட 39ஆம் ஒழுங்குவிதியே இடம் கொடுக்குது. நிஜ வேகத்துல பத்துல ஒரு பங்கு, அதுக்கு மேல இன்னும் சில கிலோமீட்டர். அனுமதியோட பொய்! பல்லு மாத்தறதுக்கு முன்னாடியே என் வண்டியில போன் ஜிபிஎஸ் 70ன்னா மீட்டர் 75ன்னும். ஒரு நாள் உக்காந்து கணக்குப் போட்டுப் பாத்தேன். 70ஐ 14ஆல வகுத்து 15ஆல பெருக்கினா சரியா 75. அதாவது கம்பெனிக்காரன் ஏற்கெனவே ஒரு பல்லு அளவுக்குப் பொய்யை உள்ள வச்சுத்தான் வித்திருக்கான். நான் என் பங்குக்கு இன்னொரு பல்லு. இப்ப 70ல போனா மீட்டர்ல 80. காத்து கூட 80க்கு உண்டான மாதிரி அடிக்கல, ஆனா எண் மட்டும் 80.

தூரக் கணக்குல மட்டும் அது யோக்கியமா இருந்துச்சு. அதையும் நானே கெடுத்து வச்சேன். இதுல கேவலம் என்னன்னா, பல்லு மாத்தினதும் மைலேஜ் ஏறிடுச்சுன்னு நாலு பேர்கிட்ட நெஞ்சை நிமித்திச் சொல்லியிருக்கேன். இன்ஜின் முன்னைவிட வேகமா சுத்துது, அப்புறம் எப்படிடா மைலேஜ் ஏறும்னு ஒரு நிமிஷம் யோசிச்சேனா? ஓடாத தூரத்தை ஊத்தின பெட்ரோலால வகுத்துக்கிட்டு இருந்திருக்கேன். அந்த நாலு பேர்ல ரெண்டு பேர் என் பேச்சைக் கேட்டுப் பல்லு மாத்திட்டாங்க. அவங்ககிட்ட இன்னும் சொல்லல. சொல்றதாவும் இல்ல.

மெக்கானிக் கதைக்கு வர்றேன். சாக்பீஸ் கேட்டு வாங்கினேன். தரையில உக்காந்து ரெண்டு வட்டம் போட்டேன், ஒண்ணு சின்னது, ஒண்ணு பெரிசு. சுத்தி செயின். 14, 15, 43. சென்சார் இங்க இருக்கு, டயர் அங்க இருக்குன்னு அம்புக்குறி. 6000ஐ 15ஆல வகுத்து 14ஆல பெருக்கினா 5600. ரெண்டு தடவை விளக்கினேன். பஞ்சர் போட வந்தவர் டியூபைக் கையில வச்சுக்கிட்டு நின்னு கேட்டார். அவருக்குப் புரிஞ்சிருச்சு. நம்ம ஆளு முழுசாக் கேட்டுட்டு நிதானமாச் சொன்னார்: "மீட்டர் எப்படி சார் தப்பாக் காட்டும்? அது கம்பெனி மீட்டர்."

பல்லைக் கடிச்சுக்கிட்டேன். எனக்காவது முழுசா இருக்கே.

"சரிண்ணே, நீங்களே ஓட்டிப் பாருங்க." போனை ஹேண்டில்ல மாட்டி, ஜிபிஎஸ் வேகத்தைத் திரை முழுக்கப் பெரிசாத் தெரியற மாதிரி வச்சு, கையில சாவியைக் கொடுத்தேன். நேர் ரோடு, ஒரே வேகத்துல பிடிங்க, போன் ஒரு நொடி தாமதமாக் காட்டும், பொறுத்துப் பாருங்கன்னு பரீட்சைக்குப் போற பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்லி அனுப்பினேன். போனார். பஞ்சர்காரர் கூட எட்டிப் பாத்தார். பத்து நிமிஷம் கழிச்சு மெக்கானிக் வந்தார், இறங்கினார், போனைக் கழட்டி என் கையில வச்சார்.

"சார், உங்க போன் தப்பாக் காட்டுது. நல்ல கடையில காட்டுங்க."

அப்ப என் தொண்டையில இருந்து வந்த சத்தத்துக்குப் பேர் கிடையாது.

சென்சாருக்கும் மீட்டருக்கும் நடுவுல ஒரு குட்டி டப்பா மாட்டலாம், பல்லுக் கணக்கை அதுல பதிஞ்சா மீட்டர் திருந்திடும், நான் வாங்கித் தர்றேன், மாட்டிக் கொடுங்கன்னு கடைசியாக் கெஞ்சினேன். அவர் முகம் சுருங்கிடுச்சு. "வயர்ல எல்லாம் கை வைக்கக் கூடாது சார். ஏதாவது ஆயிடும்."

பல்லைப் புடுங்கும்போது ஒண்ணும் ஆகாது. கட்டுப் போடும்போது மட்டும் ஏதாவது ஆயிடும்.

இவ்வளவு நேரம் மூலையில செயினைத் துடைச்சுக்கிட்டு இருந்த பையன், புதுசா வேலைக்குச் சேந்தவன், தலையைத் தூக்கினான். "அண்ணே, பழைய ஸ்ப்ராக்கெட்டையே போட்டுட்டா சரியாயிடும்ல?"

யாரும் பேசல. நான் தரையில போட்ட வட்டத்தைப் பாத்தேன். மெக்கானிக் என்னைப் பாத்தார். பஞ்சர்காரருக்குத்தான் முதல்ல சிரிப்பு வந்துச்சு, அப்புறம் எனக்கு. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சேன். கண்ணுல தண்ணி வந்துருச்சு, அது சிரிப்புத் தண்ணிதானான்னு நிச்சயமாச் சொல்ல முடியல.

மாத்தல. மாத்தவும் மாட்டேன். ஏத்தத்துல இப்ப வண்டி மூணாவதுலயே மூச்சு வாங்காம ஏறுது, அந்தச் சுகத்தை விட முடியாது. ஆயில் மட்டும் மாத்திட்டு வந்துட்டேன், 400 கிலோமீட்டரை அவருக்கே தானமாக் கொடுத்துட்டேன்.

ஆனா வீட்டுக்கு வந்து பாத்தா, பேட்டரியை எதுக்குக் கழட்டினார்னு தெரியல, மீட்டர்ல மணி 12:00ன்னு மின்னிக்கிட்டே இருக்கு. அதைச் சரி பண்ண ரெண்டு பட்டனையும் ஒண்ணா அமுக்கணுமாம். ரெண்டாவது பட்டன் உள்ள போனது வெளிய வரல. இதை எந்த மடையன்யா டிசைன் பண்ணினான்?