லேபிள் ஒட்டியும் கணக்கில் வராத சர்வர்கள்

ஏப்ரல், மே, ஜூன். மூன்று மாதமாக ஒவ்வொரு சர்வருக்கும் உட்கார்ந்து லேபிள் எழுதியது நான். யாருடைய சர்வர், என்ன வேலை, எந்த ஊர் என்று ஒன்று விடாமல் எழுதினேன். காலாண்டுக் கணக்குக்காகப் பயன்பாட்டு அறிக்கையை இறக்கிப் பார்த்தால் அந்த லேபிள்களில் ஒன்றுகூட இல்லை. ஒன்றுகூட!

சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம் சிறிய மென்பொருள் அலுவலகம் எங்களுடையது. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வியாபாரி ஒருவர், ஆத்தூர்ப் பக்கம் இரண்டு ஜவ்வரிசி ஆலைகள், ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டம். நான்கு பேருடைய வேலையும் ஒரே கிளவுட் கணக்கில் ஓடுகிறது. பில் மொத்தமாக ஒன்றுதான் வரும்; அதை ஆளுக்கு ஆள் பிரித்து வாங்க வேண்டியது எங்கள் பாடு. பிரிக்க எனக்கு இருந்த ஒரே பிடி அந்த லேபிள்தான்.

ஏன் வரவில்லை என்று கிளவுட் நிறுவனத்துக்குக் கேட்டு எழுதினேன். மூன்று நாள் கழித்து ஒரே வரியில் பதில் வந்தது: லேபிளின் பெயர் ‘மீட்டரிங்’ என்ற சொல்லோடும் ஒரு புள்ளியோடும் தொடங்கவில்லையாம்.

அவர்கள் ஓட்டுவது ஓப்பன்ஸ்டாக் என்ற கிளவுட் மென்பொருள். அதில் பயன்பாட்டை அளக்கும் பகுதிக்குச் சீலோமீட்டர் என்று பெயர். மேகத்தின் அடிமட்டம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளக்கும் கருவியின் பெயர் அது. சர்வரின்மேல் நாம் சொந்தமாக எழுதும் மெட்டாடேட்டாவில், அதாவது இந்த லேபிள்களில், அந்த முன்னொட்டு உள்ளவற்றை மட்டுமே அது அளவோடு சேர்த்து எடுத்துக்கொள்ளும், மற்றதை விட்டுவிடும். 256 எழுத்துக்கு மேல் எழுதினால் மிச்சத்தை வெட்டிவிடும். இயல்பான அமைப்பே இப்படித்தான். இதற்குக் காரணம் இருப்பதும் எனக்குப் புரிகிறது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை எடுக்கும் ஒவ்வொரு அளவோடும் எல்லாக் குறிப்பையும் சேமித்தால் சேமிப்பிடம் வீங்கிப் போகும். சரி. ஆனால் அதை என்னிடம் சொல்லாமல் இருந்ததற்கு என்ன காரணம்? லேபிள் எழுதும் கட்டத்துக்குக் கீழே ஒரு வாக்கியம் போட்டிருந்தால் போதுமே! நான் எழுத எழுத ஏற்றுக்கொண்டு, ‘சேமிக்கப்பட்டது’ என்று பச்சை எழுத்தில் காட்டிவிட்டு, கணக்கெடுக்கும்போது கண்டுகொள்ளாமல் போவது எந்த ஊர் நியாயம்?

இப்போது பெயரை மாற்றி எழுதிவிட்டேன். இனி வரும் அளவுகளில் லேபிள் இருக்கும். போன மூன்று மாதம் போனதுதான். அளவு எடுத்த நொடியில் ஒட்டாத குறிப்பைப் பிறகு பின்னோக்கி ஒட்ட முடியாது.

வேறு கிளவுடுக்கு மாறுங்கள் என்கிறார்கள் நண்பர்கள். அமேசானில் லேபிள் ஒட்டினால் மட்டும் போதாது; பில்லிங் பக்கத்துக்குப் போய் அதைத் தனியாக இயக்கிவிட்டால்தான் செலவுக் கணக்கில் வரும். ஒரே பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஒருவரும் சிறிய எழுத்தில் ஒருவரும் எழுதினால் இரண்டு தனிக் கணக்காகிவிடும். கூகுளில் பெரிய எழுத்தை எழுதவே விடுவதில்லை. அங்கேயே தடுத்துவிடுகிறது. நான் கேட்பது அந்தத் தடையைத்தான். தவறென்றால் முகத்துக்கு நேரே தவறென்று சொல்லட்டும்.

வேறு வழியில்லாமல் பில்லை நான்கு சம பங்காகப் போட்டேன். கொலுசுக்காரருடைய சர்வரில் ஆயிரக்கணக்கான டிசைன் படங்கள் இருக்கின்றன. தோட்டத்துச் சர்வரில் மழையளவும் கூலிக் கணக்கும் மட்டும்தான். சம பங்கு என்றால் லாபம் கொலுசுக்காரருக்கு. அவரிடமே அதைச் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

“தம்பி, நான் வீடு வீடாக வெள்ளியை எடை போட்டுக் கொடுக்கிறேன், கொலுசாக எடை போட்டு வாங்குகிறேன். ஒரு கிராம் குறைந்தாலும் எந்த வீட்டில் குறைந்தது என்று சொல்லிவிடுவேன். அடுத்தவர் காசு எனக்கு வேண்டாம். என் கணக்கைச் சரியாகப் போட்டுக்கொண்டு வாருங்கள்” என்றார்.

எங்கிருந்து போடுவேன்? தராசு கிளவுட்காரர்களிடம் இருக்கிறது. எடை போட்டிருக்கிறார்கள், காசும் வாங்கிவிட்டார்கள். யாருடைய வெள்ளி என்று மட்டும் எழுதிவைக்கவில்லை. நாளைக் காலை இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய் ஏற்காட்டுத் தோட்டக்காரரிடம், மூன்று மாதமாக உங்களிடம் எவ்வளவு கூடுதலாக வாங்கியிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது என்று சொல்லப்போகிறேன்.