மார்வா கேட்க ஒரு மாலை வேண்டும்

யூடியூபில் 'தியான இசை' என்று தேடிப் பாருங்கள். ஓடை சலசலக்கும், குருவி கத்தும், நடுவே ஒரு புல்லாங்குழல் மணிக்கணக்கில் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வரும். தூக்கம் வர அது உதவினால் நல்லதுதான். ஆனால் தியானம் என்றாலே மனசைத் தட்டிக்கொடுத்துத் தூங்கவைப்பது என்று ஆகிவிட்டதில் எனக்கு வருத்தம் உண்டு. ஏனென்றால் எனக்குத் தெரிந்து மார்வாவைப் போல மனசை ஓரிடத்தில் நிறுத்துகிற ராகம் வேறில்லை. அது ஆறுதல் சொல்லவே சொல்லாது.

மார்வா ஹிந்துஸ்தானி ராகம், சூரியன் அடையும் வேளைக்கு உரியது. 'ப' என்கிற பஞ்சமம் கிடையாது. நம் கர்நாடக இசைக் கணக்கில் ரி சுத்த ரிஷபம், க அந்தர காந்தாரம், ம பிரதி மத்தியமம், த சதுஸ்ருதி தைவதம், நி காகலி நிஷாதம். அட, இது நம்ம ஹம்சானந்தி ராகமாச்சே என்று தோன்றும். ஸ்வரங்கள் அவையேதான். வடக்கே பூரியா, சோஹினி என்ற ராகங்களுக்கும்கூட இவைதான். அப்புறம் எங்கே வேறுபடுகிறது? மார்வாவின் உயிர் ரிஷபத்திலும் தைவதத்திலும் இருக்கிறது. பாடுகிறவர் ஆதார ஸ்வரமான ஸட்ஜத்தை (ஸ) ஒட்டினாற்போல ரிஷபத்தில் நிற்பார். அங்கிருந்து கீழே மந்திர ஸ்தாயி நிஷாதம், தைவதம் என்று இறங்குவார். இதோ ஸட்ஜத்துக்கு வந்துவிடுவார் என்று நாம் நினைக்கும்போது, அதைத் தொடாமலே மறுபடி ரிஷபத்துக்குப் போய்விடுவார். தம்புராவிலும் பஞ்சமத் தந்தியை நிஷாதத்துக்கோ தைவதத்துக்கோ மாற்றிக் கூட்டியிருப்பார்கள். பின்னால் ஸட்ஜமோ விடாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். வீடு கண்ணுக்குத் தெரிகிறது, உள்ளே போக முடியவில்லை. அந்தத் தவிப்பில் காது வேறெங்கும் போகாது.

1974-ல் மறைந்த ஹிந்துஸ்தானிப் பாடகர் உஸ்தாத் அமீர் கானின் இசைத்தட்டு ஒன்று உண்டு. ஒரு பக்கம் மார்வா, மறுபக்கம் தர்பாரி. மார்வாவை நிதானமான விளம்பத்தில் எடுக்கிறார். வேறு தேசம் போன காதலன் எப்போது திரும்புவானோ என்று ஏங்குகிற பாட்டு. வார்த்தை புரியாவிட்டாலும் குறையில்லை, ராகமே அதைத்தான் சொல்கிறது. குரலை எங்கும் உயர்த்திக் காட்டுவதில்லை, கைதட்டலுக்காக ஒரு சங்கதிகூட இல்லை. ஒவ்வொரு ஸ்வரத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகிறார். வெகுநேரம் கழித்து ஸட்ஜத்தில் வந்து நிற்கும்போது எனக்குத் தொண்டை அடைத்துவிடும். ஒவ்வொரு முறையும் இப்படித்தான்.

இந்த ராகம் இந்த வேளைக்கு என்கிற நேரக் கட்டுப்பாட்டைக் கர்நாடக இசையில் நாம் பெரும்பாலும் விட்டுவிட்டோம். மேடையில் அது சரிதான். ஆனால் மார்வாவைக் காலை நடையிலோ, சமைத்துக்கொண்டோ கேட்காதீர்கள் என்பேன். பகலுக்கும் இரவுக்கும் நடுவிலுள்ள அந்த அரைமணி நேரத்தில் மனசே எங்கும் ஒட்டாமல்தான் இருக்கும். விளக்கு போடுவதற்கு முன், ஃபோனைத் தள்ளி வைத்துவிட்டுக் கேளுங்கள். முதலில் எரிச்சல்கூட வரலாம். பாதியில் நிறுத்தாதீர்கள். ஹம்சானந்தி பிடித்தவர்கள் அவசியம் கேளுங்கள். அதே ஸ்வரங்கள் இங்கே என்ன பாடு படுத்துகின்றன என்று கேட்டுவிட்டுக் கமெண்டில் சொல்லுங்கள்.