வேலை அப்புறம், விசா வகை முதல்

அடுத்த படிப்பு தொடங்கும்வரை டூரிஸ்ட் விசாவில் வெளிநாடு போய் வேலை செய்யலாம் என்கிற அந்த ரீலைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் ஆளாளுக்கு அதையே உள்பெட்டியில் அனுப்பி "இது நடக்குமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். அதன் கீழே நான் போட்ட நாலு வரித் திருத்தத்தைத் தூக்கிவிட்டார்கள். போதாக்குறைக்கு "வயிற்றெரிச்சல்" என்று ஒரு பட்டம். சரி, வயிற்றெரிச்சலாகவே இருக்கட்டும். என் சுவரில் எழுதுகிறேன், இங்கே தூக்க ஆளில்லை.

ரீல் சொன்னது இதுதான். மெடிக்கலோ சட்டமோ எம்பிஏவோ, சீட் கிடைத்துவிட்டதா? வகுப்பு தொடங்க மூன்று நான்கு மாதம் இருக்கிறதா? டூரிஸ்ட் விசா போடுங்கள், பயணிகள் தங்கும் மலிவு விடுதியான ஹாஸ்டல் ஏதாவது ஒன்றில் வேலைக்குச் சேருங்கள், தங்குமிடமும் சாப்பாடும் இலவசம், மேலே கைச்செலவுக்குக் காசு. பின்னால் கடற்கரை, பாட்டு, லட்சக்கணக்கில் லைக்.

டூரிஸ்ட் விசாவில் வேலை செய்யக் கூடாது. இதைத்தான் சொன்னேன். சம்பளம் வாங்காவிட்டாலும் இதே கதைதான். கட்டிலும் சோறும் கொடுத்து தினமும் ஐந்து மணி நேரம் படுக்கை விரிப்பு மாற்றச் சொன்னால், பெரும்பாலான நாடுகளில் அதற்குப் பெயர் வேலை. "வாலன்டியர்" என்று அழைத்தால் மாறிவிடாது. பிரிட்டனில் பார்வையாளராகப் போகிறவர் தன்னார்வப் பணி செய்யலாம். ஆனால் பதிவு பெற்ற அறக்கட்டளையில் மட்டும், 30 நாளுக்கு மேல் போகாமல். ஹாஸ்டல் அறக்கட்டளை இல்லை.

எப்படி மாட்டுகிறார்கள் என்பதும் தெரியாத ரகசியம் இல்லை. மூன்று மாதப் பயணம் என்கிறீர்கள், வங்கிக் கணக்கில் மூன்று வாரத்துக்குத்தான் பணம், ஓட்டல் முன்பதிவு முதல் இரண்டு இரவுக்கு. விமான நிலையக் குடிவரவுக் கவுண்டரில் இருப்பவர் பக்கத்து அறைக்கு அனுப்புவார். அங்கே செல்போனைத் திறக்கச் சொல்வார்கள். வாட்ஸ்அப்பில் ஹாஸ்டல்காரர் அனுப்பியிருக்கிறார்: "காலை 7 முதல் 12 வரை, திங்கள் லீவு." அவ்வளவுதான். அடுத்த விமானம்.

தெரிந்த குடும்பத்துப் பையன் ஒருவன், சட்டம் படிக்க இடம் கிடைத்தவன், இப்படித்தான் திருப்பி அனுப்பப்பட்டான். டிக்கெட் காசு போனது பெரிதில்லை. அதற்குப் பிறகு அவன் நிரப்பும் ஒவ்வொரு விசா படிவத்திலும் "எந்த நாட்டிலாவது நுழைவு மறுக்கப்பட்டதா?" என்ற கேள்வி வந்து நிற்கிறது. மறைத்தால் இன்னும் மோசம்: பிரிட்டனில் விண்ணப்பத்தில் பொய் சொன்னது தெரிந்தால் 10 வருடத் தடை, அமெரிக்காவில் முக்கியமான உண்மையை வேண்டுமென்றே திரித்துச் சொன்னால் வாழ்நாள் முழுக்க நுழையத் தகுதியில்லாமல் போகலாம். வக்கீலாகப் பதிவு செய்யும்போது நடத்தை விசாரணை உள்ள நாடுகள் பல. டாக்டர் உரிமத்துக்கும் முன்பு வசித்த நாட்டின் போலீஸ் சான்றிதழ் கேட்பார்கள். ஒரு சீசன் ஹாஸ்டல் வேலைக்காக இதையெல்லாம் பணயம் வைக்கச் சொல்கிறவருக்கு இதயம் இதயமாகப் போடுகிறீர்கள்.

வேலை அப்புறம், விசா வகை முதல். மறுபடி சொல்கிறேன், ஏனென்றால் மறுபடி கேட்பீர்கள்.

பலரும் தடுக்கி விழும் இடம் இன்னொன்று, ரீலில் வராதது. ஒரு படிப்பு முடிந்து அடுத்தது தொடங்காத அந்த இடைவெளியில், சட்டத்தின் கண்ணில் நீங்கள் மாணவரே இல்லை. அமெரிக்காவில் ஜே-1 என்ற விசாவில் நடக்கும் கோடை வேலைத் திட்டம் அதிகபட்சம் 4 மாதம், கேட்க அருமையாகத்தான் இருக்கும். ஆனால் விண்ணப்பிக்கும்போது அமெரிக்காவுக்கு வெளியே உள்ள கல்லூரியில் படித்துக்கொண்டிருக்க வேண்டும், குறைந்தது ஒரு செமஸ்டர் முடித்திருக்க வேண்டும். இறுதியாண்டில் இருக்கும்போதே விண்ணப்பித்தால் வழி உண்டு. பட்டத்தைக் கையில் வாங்கிவிட்டு வந்தால் இல்லை. ஜெர்மனியின் விடுமுறை வேலை அனுமதியும், 12 மாதத்தில் 90 நாள், வெளிநாட்டுக் கல்லூரியில் பதிவில் இருக்கும் மாணவருக்குத்தான். "அடுத்த கல்லூரியில் சீட் உறுதி" என்ற கடிதம் இங்கெல்லாம் செல்லாது.

மாணவராக இல்லாதவருக்கு மிச்சம் இருப்பது இளைஞர் விசாக்கள், அதாவது குறிப்பிட்ட வயதினர் போய்த் தங்கி வேலையும் செய்ய விடுபவை. எது கிடைக்கும் என்பதை உங்கள் பாஸ்போர்ட்தான் முடிவு செய்யும். இந்தியப் பாஸ்போர்ட் என்றால் ஆஸ்திரேலியாவின் 462 என்ற வேலை-விடுமுறை விசா: வயது 18 முதல் 30, வருடத்துக்கு 1,000 இடம், குலுக்கல். குலுக்கலில் பெயர் வந்தால் விசா வந்ததாக அர்த்தமில்லை, விண்ணப்பிக்க அனுமதி வந்திருக்கிறது, அவ்வளவே. கணக்கில் சுமார் 5,000 ஆஸ்திரேலிய டாலர் காட்ட வேண்டும். 12 மாதம் தங்கலாம், ஒரே முதலாளியிடம் பொதுவாக 6 மாதம் வரைதான்.

பிரிட்டனின் இளம் தொழில்முறையாளர் திட்டம், 2023இல் வந்தது, இதுவும் இந்தியர்களுக்குக் குலுக்கல்தான். பட்டம் வேண்டும், 2,530 பவுண்டு தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் எண்ணிக்கை முதலிலிருந்து. விசா 2 வருடத்துக்கு என்பதால் சுகாதாரக் கட்டணம் வருடத்துக்கு 776 வீதம் 1,552 பவுண்டு முன்பணமாகக் கட்ட வேண்டும், நீங்கள் மூன்றே மாதம் இருக்கப் போகிறீர்கள் என்றாலும். விசாக் கட்டணம், காசநோய்ப் பரிசோதனை, டிக்கெட் தனி. மூன்று மாத ஓட்டல் சம்பளத்தில் இதைக் கழித்துப் பாருங்கள். எனக்குப் பெரும்பாலும் தேறவில்லை. வகுப்பு தொடங்க ஒரு வருடம் இருந்தால் யோசிக்கலாம்.

விசா கையில் வந்தபின் வேலை கிடைப்பது அவ்வளவு கஷ்டமில்லை. பனிச்சறுக்கு விடுதி, கோடை முகாம், அறுவடை, சமையலறை உதவி: சீசன் வைத்து ஆள் எடுக்கும் இடங்களை மட்டும் குறிவையுங்கள். அவர்களுக்கே ஆள் சில மாதத்துக்குத்தான் தேவை. நீங்கள் கிளம்பும் தேதியை மறைக்க வேண்டியதில்லை. சீசனுக்கு மூன்று நான்கு மாதம் முன்பே விண்ணப்பம் போயிருக்க வேண்டும். ஒரு பக்க சிவி, முதல் வரியில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, என்ன விசா. பட்டத்தில் வாங்கிய மார்க்கைக் கீழே தள்ளுங்கள், பாத்திரம் கழுவ அது வேண்டாம். ஆஸ்திரேலியாவில் மது பரிமாற ஆர்எஸ்ஏ சான்றிதழ் வேண்டும், கட்டட வேலைக்கு ஒயிட் கார்டு என்ற பாதுகாப்புப் பயிற்சி அட்டை. அங்கே இறங்கிய வாரமே வரி எண் வாங்குங்கள், இலவசம். கொடுக்காவிட்டால் உச்ச வீதத்தில் வரி பிடிப்பார்கள். வரித்துறையில் பதிவு செய்த முதலாளியிடம் முதல் டாலரிலிருந்தே 15 சதவீதம் போகும். முதலாளி உங்கள் பெயரில் போடும் ஓய்வூதியப் பணத்தைக் கிளம்பும்போது கேட்டு வாங்கலாம், ஆனால் அதில் 65 சதவீதம் வரி. அங்கே பழம் பறிக்கும் இடத்தில் "வாளிக்கு இவ்வளவு" என்றால் ஏமாறாதீர்கள்: 2022 ஏப்ரலிலிருந்து வாளிக் கணக்கானாலும் மணிக்கு இவ்வளவு என்ற குறைந்தபட்சம் உண்டு. தங்குமிட முன்பணமும் முதல் மாத வாடகையும் முதல் சம்பளத்துக்கு முன்னால் வரும். பயணக் காப்பீட்டில் "உடலுழைப்பு வேலைக்குப் பொருந்தாது" என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்கும்.

இப்போது வருவார்கள். "எத்தனையோ பேர் போய்ட்டு ஜாலியா வந்துட்டாங்களே?" வந்தவர்கள் ரீல் போடுகிறார்கள். திருப்பி அனுப்பப்பட்டவர் போடுவாரா?

"லேப்டாப்பில் நம்ம ஊர் கம்பெனிக்கு வேலை செய்தால்?" இது நியாயமான கேள்வி. நியூசிலாந்து 2025 ஜனவரி 27 முதல் பார்வையாளர் விசாவிலேயே வெளிநாட்டு முதலாளிக்கு ரிமோட்டாக வேலை செய்ய அனுமதிக்கிறது. நீண்ட நாள் தங்கினால் வரிக் கேள்வி வரும். பிரிட்டன், சுற்றிப் பார்க்க வந்த இடத்தில் கொஞ்சம் வேலை என்றால் சரி, வேலைக்காகவே வந்தால் கூடாது என்கிறது. மற்ற நாடுகளைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

"நீங்க எல்லாத்துக்கும் தடை சொல்றீங்க." மேலே இத்தனை பத்தி வழி சொன்னது கண்ணில் படவில்லை போலிருக்கிறது.

எனக்கு உண்மையிலேயே பற்றிக்கொண்டு வருவது அந்த ரீலின் இரண்டாம் பாகம். மெடிக்கல் சேரப் போகிறவர்களுக்கு "கிளினிக்கல் அனுபவம்" என்று ஒரு பேக்கேஜ். நீங்கள் காசு கட்ட வேண்டும், ஏழை நாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் தையல் போடலாமாம், பிரசவத்தில் உதவலாமாம், ஊசி போடலாமாம். ஒரு வகுப்பில்கூட உட்காராத பிள்ளை! சொந்த ஊரில் அந்தக் கையைத் தொடவிடுவார்களா? அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் கூட்டமைப்பு 2011லேயே இதற்கு வழிகாட்டி எழுதிவிட்டது: சொந்த நாட்டில் செய்ய அனுமதியில்லாததை வெளிநாட்டிலும் செய்யாதே. சேர்க்கைக் கட்டுரையில் இதைப் பெருமையாக எழுதினால் சீட்டுக்கே ஆபத்தாகலாம். அதுகூடப் போகட்டும். படுக்கையில் இருப்பவரிடம் யார் சொன்னார்கள், தைக்கிறது டூரிஸ்ட் என்று?

மெடிக்கல், நர்சிங் சேர்கிறவர்கள் அதைவிடத் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். ஹெபடைடிஸ் பி வழக்கமான அட்டவணை 0, 1, 6 மாதம், கடைசி டோஸுக்கு 1 முதல் 2 மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை. நடுவில் மூன்று மாதம் மாயமானால் சேரும் நாளில் அட்டை அரைகுறை. எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா தடுப்பூசி) போட்டால் காசநோய்த் தோல் பரிசோதனை அதே நாளில் அல்லது 4 வாரம் கழித்துத்தான். அடுத்த படிப்பே வெளிநாட்டில் என்றால் மாணவர் விசாவுக்குப் பாஸ்போர்ட் தூதரகத்தில் கிடக்கலாம், கிடந்தால் அந்த வாரங்களில் எங்கும் நகர முடியாது. அமெரிக்க மாணவர் விசாவான எஃப்-1 என்றால் வகுப்புக்கு 30 நாளுக்கு முன் உள்ளேயே விடமாட்டார்கள், "சீக்கிரம் போய் வேலை பார்க்கிறேன்" என்பதும் அங்கே நடக்காது.

கேட்க வருகிறவர்கள் மூன்றை எழுதிவிட்டுக் கேளுங்கள்: எந்த பாஸ்போர்ட், பட்டம் முடிந்த தேதி, சேர வேண்டிய தேதி. "எந்த நாடு ஈஸி?" என்று மட்டும் கேட்கிறவர்களுக்கு அந்த ரீல்காரர் இருக்கிறார், நல்ல மனுஷன், உடனே லிங்க் அனுப்புவார்.