கிரீடத்துக்கு எத்தனை ஊசி?

(ஆரையம்பதியில் ஒரு தையற்கடை. மிதி இயந்திரத்தின் முன் யோகம்மா அமர்ந்திருக்கிறார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் இரத்தினம் மாஸ்டர் துணிப் பொதியுடன் நுழைகிறார். மாஸ்டர் வகுப்பறைத் தமிழை வீட்டிலும் கழற்றி வைப்பதில்லை. அவரிடம் படித்த குற்றத்துக்காக யோகம்மாவும் அவர் முன்னிலையில் அப்படியே பேச வேண்டியிருக்கிறது.)

மாஸ்டர்: யோகம்மா, என் மருமகள், தங்கையின் மகள், தேசிய அழகிப் போட்டிக்கு விண்ணப்பிக்கப் போகிறாள். இந்த மருதமுனைக் கைத்தறியில் அவளுக்கு மேடைக்கேற்ற ஓர் உடுப்புத் தைத்துத் தர வேண்டும்.

யோகம்மா: உடுப்பைத் தைத்துவிடலாம் மாஸ்டர், கிரீடத்தைத்தான் யாரும் சரியாகப் பொருத்துவதில்லை. 2021 ஏப்ரல் 4ஆம் திகதி கொழும்புத் தாமரைத் தடாக அரங்கில், திருமதி ஸ்ரீலங்காவாக முடிசூட்டப்பட்ட பெண்ணின் தலையிலிருந்து, அதே பட்டத்தையும் திருமதி உலகப் பட்டத்தையும் முன்னர் வென்றிருந்த அம்மணி, நாடே தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருக்கக் கிரீடத்தைக் கழற்றி அடுத்த இடம் பெற்றவருக்குச் சூட்டிவிட்டார் அல்லவா? வெறும் கொண்டை ஊசியில் நின்ற கிரீடம்! நான் அங்கே நின்றிருந்தால் நான்கு தையல் போட்டிருப்பேன்.

மாஸ்டர்: தலையிலா?

யோகம்மா: கொண்டையில் மாஸ்டர்.

மாஸ்டர்: பிழை ஊசியில் இல்லையம்மா, விதியில் இருந்தது. விவாகரத்துப் பெற்றவர் திருமதிப் போட்டிக்கு வரக்கூடாது என்றார்கள். அந்தப் பெண்ணோ, தான் கணவரைப் பிரிந்து வாழ்வதாகவும் விவாகரத்துப் பெறவில்லை என்றும் சொன்னார். பின்னர் ஏற்பாட்டாளர்கள் அவரிடமே கிரீடத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். பறித்தவரும் அந்த மாதமே தம்முடைய உலகப் பட்டத்தைக் கைவிட்டார்.

யோகம்மா: முதலாம் தரத்தில் ஒரு பிள்ளையைச் சேர்ப்பதற்கு வாக்காளர் பட்டியலில் இருந்து மின்கட்டணச் சிட்டை வரை கேட்கிற நாட்டில், கிரீடத்தைத் தலையில் வைத்த பிறகா விசாரிப்பது? எங்கள் கிராம சேவகரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், யார் யாரோடு இருக்கிறார், யார் யாரோடு பேசுவதில்லை, எந்த வீட்டில் எப்போது சட்டி பறந்தது என்பதையெல்லாம் தேநீர் ஆறுவதற்கு முன்னர் சொல்லியிருப்பார்.

மாஸ்டர்: அவர் ஆரையம்பதிக்குச் சொல்வார், கொழும்புக்கு எப்படிச் சொல்வார்?

யோகம்மா: அது இருக்கட்டும். என் வீட்டுக்காரர் கட்டாருக்குப் போய்ப் பதினான்கு வருடங்கள் ஆகின்றன. கடிதமும் இல்லை, விவாகரத்தும் இல்லை. நான் போட்டிக்குப் போனால் என்னை எந்தக் கட்டத்தில் எழுதுவார்கள்?

மாஸ்டர்: (மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி) இலக்கணத்தில் இதற்கு இடமுண்டு யோகம்மா. ‘பால் குடித்தான்’ என்பதில் ‘ஐ’ மறைந்து நிற்கிறது, ஆனால் இருப்பதாகவே கொள்கிறோம். உன் கணவரும் அவ்வாறே மறைந்து நிற்கிறார். இதனை வேற்றுமைத் தொகை என்பார்கள்.

யோகம்மா: வேற்றுமை சரி மாஸ்டர், தொகைதான் இன்னும் வந்து சேரவில்லை.

(மாஸ்டர் கண்ணாடியை இரண்டாம் முறையும் துடைக்கிறார். அழுக்கு இல்லை.)

மாஸ்டர்: பிரபஞ்ச அழகிப் போட்டி தொடங்கிய கதை உன் தொழிலோடு சம்பந்தப்பட்டது, தெரியுமா? 1951ஆம் ஆண்டுக்கான அமெரிக்க அழகியாகத் தெரிவான பெண், நீச்சலுடையில் வலம்வர மாட்டேன் என்று மறுத்துவிட்டார். அந்தப் போட்டிக்கு ஆதரவளித்துவந்த கட்டலீனா என்ற நீச்சலுடை நிறுவனம் கோபித்துக்கொண்டு விலகி, 1952இல் பிரபஞ்ச அழகிப் போட்டியைத் தானே தொடங்கியது.

யோகம்மா: அப்படியானால் பிரபஞ்சம் முழுவதும் ஒரு துணிக்கடை விளம்பரம்தானா! இத்தனை வருடமும் நான் பெயர்ப்பலகைக்குப் பெயின்ட் அடித்துக் காசை வீணாக்கிவிட்டேனே.

மாஸ்டர்: எள்ளி நகையாடாதே. 1955இல் கலிபோர்னியாவின் லாங் பீச்சில் நடந்த அதே போட்டியில், இலங்கை அழகி மொரீன் ஹிங்கர்ட் மூன்றாம் இடம் பெற்றார். இந்தச் சின்னத் தீவுக்கு அது எவ்வளவு பெருமை!

யோகம்மா: மூன்றாம் இடமா? எங்கள் பாடசாலைப் பேச்சுப் போட்டியில் நான் மூன்றாம் இடம் பெற்றபோது, நடுவராக இருந்த நீங்கள் ‘இன்னும் முயற்சி தேவை’ என்று எழுதினீர்கள்.

மாஸ்டர்: நீ லகரமும் ளகரமும் மாற்றிச் சொன்னாய். அதற்குப் புள்ளி குறைக்காமல் என்ன செய்வது? சரி, இதையும் கேள். பிரபஞ்ச அழகிப் போட்டிக்கு நெடுங்காலம் திருமணமானவர்களையும் பிள்ளை பெற்றவர்களையும் சேர்க்கவில்லை. 2023இல் அந்தத் தடையை எடுத்தார்கள். 28 வயதோடு நின்ற உச்ச எல்லையையும் 2024இல் நீக்கிவிட்டார்கள்.

யோகம்மா: (தையலை நிறுத்தி) வயதெல்லை இல்லையா? எனக்கு 51 மாஸ்டர்.

மாஸ்டர்: விதி தடுக்கவில்லை. முழங்கால்தான் தடுக்கும். ஓரடி உயரக் குதிகாலில் நடக்க வேண்டுமே.

யோகம்மா: முப்பது வருடம் இந்த இயந்திரத்தை மிதித்த காலுக்கு, முழங்காலைப் பற்றி நீங்களா சொல்வது? அதை விடுங்கள், பிள்ளையின் இடுப்பளவு எவ்வளவு?

மாஸ்டர்: (தாளைப் பார்த்து) மருமகள் 28 என்று எழுதித் தந்தாள். தங்கை பின்னால் ஓடிவந்து 32 என்று காதில் சொன்னாள்.

யோகம்மா: விண்ணப்பத்தில்?

மாஸ்டர்: 26.

யோகம்மா: அப்படியானால் 32க்கு வெட்டி, மிச்சத்தை உள்ளே மடித்துத் தைத்து விடுகிறேன். முடிவு வந்த மறுநாள் கொண்டு வரச் சொல்லுங்கள், பிரித்துத் தருகிறேன். பிரிப்பதற்குக் கூலி வேறு.