நாமக்கல்லைக் காட்டி ராமநாதபுரத்தை அளக்காதீர்கள்

“கால்நடை மருத்துவக் கல்லூரிதான் நாமக்கல்லை முட்டை நகரமாக்கியது, ராமநாதபுரத்தில் திறந்தால் 5 ஆண்டில் செழிப்போம்” என்று சிலர் எழுதுகிறார்கள். வரிசை தவறு. நாமக்கல் கல்லூரி 1985-இல் வந்தது. கோழிப்பண்ணைகள் அதற்கு முன்பே வளர்ந்துவிட்டன. நோயறிதல், தீவனப் பரிசோதனை, பயிற்சி பெற்ற மருத்துவர்கள் என்று கல்லூரி அந்தத் தொழிலுக்குத் துணைநின்றது. அதுவும் பெரிய உதவிதான். படிப்பே பயிற்சியோடு சேர்த்து 5½ ஆண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

நானும் கல்லூரி வேண்டும் என்கிற கட்சிதான். ஆனால் நம் கடலோரத்துக்குக் கோழிக் கணக்கு பொருந்தாது. இங்கே சீமைக்கருவேல நெற்று தின்று வளரும் ராமநாதபுரம் வெள்ளை ஆடுதான் ஏழைக் குடும்பத்தின் சேமிப்பு. ஆட்டுக்கொல்லி நோய் புகுந்தால் ஒரே வாரத்தில் பட்டியே காலியாகிவிடும். தடுப்பூசி இருக்கிறது, அது தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நேரத்தில் வந்து சேர வேண்டும். கல்லூரியின் ஆதாயத்தை அங்கிருந்து கணக்கிடுங்கள்.