பாட்டு மைதானத்துக்கு, விளம்பரம் நமக்கு

பேஸ்பாலில் எனக்குப் பிடித்ததே ஒன்பது இன்னிங்ஸில் ஏழாவதின் நடுவில் வரும் அந்தச் சின்ன இடைவேளைதான். மைதானமே எழுந்து நின்று, 1908-இல் வந்த 'டேக் மீ அவுட் டு தி பால் கேம்' பாட்டைச் சுருதியைப் பற்றிக் கவலையே படாமல் பாடும். (எழுதிய ஜாக் நார்வொர்த் அதுவரை ஒரு ஆட்டம்கூட நேரில் பார்த்ததில்லையாம், அது வேறு கதை.)

டிவியில் என்ன நடக்கிறது? மூன்றாவது அவுட் விழுகிறது, பாதி இன்னிங்ஸ் முடிகிறது. மைதானத்து ஆர்கன் வாத்தியம் ஒரு இழுப்பு இழுக்கிறது. கூட்டம் வாயைத் திறக்கிறது. டபக்கென்று பிக்கப் டிரக் விளம்பரம்! அப்புறம் இன்ஷூரன்ஸ், அப்புறம் மூட்டுவலி மருந்து, அதன் பக்கவிளைவுகள் மூச்சுவிடாமல். திரும்பி வந்தால் எல்லோரும் உட்கார்ந்தாயிற்று, பந்து வீசும் பிட்சர் பந்தோடு நிற்கிறார்.

பாஸ்டன் ஃபென்வே பார்க் மைதான ஆட்டத்திலும் இதே வயிற்றெரிச்சல்தான். அங்கே எட்டாவது இன்னிங்ஸ் நடுவில் 'ஸ்வீட் கரோலைன்' பாட்டு. கேமரா திரும்பும்போது கூட்டத்தின் கத்தலில் வால் மட்டும் காதில் விழும், அதுவும் வர்ணனையாளர் பேச்சுக்கு அடியில்.

சிகாகோ ரிக்லி ஃபீல்டு மைதானத்தில் வர்ணனையாளர் ஹாரி கேரே தன் அறையிலிருந்து மைக்கை வெளியே நீட்டி, அந்த ஏழாவது இன்னிங்ஸ் பாட்டைக் கட்டைக் குரலில் பாடுவார். 1998-இல் அவர் காலமான பிறகு விருந்தாளிகள் பாடுகிறார்கள். உள்ளூர் ஒளிபரப்பில் அதையாவது காட்டுகிறார்கள், புண்ணியவான்கள்.

விளம்பரமே வேண்டாமென்று யார் சொன்னது? பிட்சரை மாற்றும்போது போடுங்கள். பாட்டு ஒரு நிமிஷம்கூட இல்லையே ஐயா!