போனில் நிரல் எழுதுகிற பிள்ளைகளை மறிக்காதீர்கள்

லாப்டொப் இல்லாவிட்டால் கோடிங் பக்கம் போகாதே என்று வன்னிப் பிள்ளைகளிடம் சொல்வதை இனியாவது நிறுத்துவோம். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் எத்தனையோ வீடுகளில் இருக்கிற ஒரே கணினி அந்த ஆண்ட்ராய்டு போன்தான். எஃப்-டிராய்டு என்ற இலவச ஆப் கடையில் இருந்து டெர்மக்ஸை (போனிலேயே கட்டளை அடித்து நிரல் ஓட்டுகிற ஆப்) இறக்கினால், பைதான் மொழியும் நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கிற 'கிட்' (Git) கருவியும் அதிலேயே ஓடும். ஆண்ட்ராய்டு 12 வந்த பிறகு ஒரு தொல்லை: பின்னால் ஓடும் துணைச் செயல்கள் 32ஐத் தாண்டினால் போன் அவற்றைத் தானாகவே நிறுத்திவிடும். சின்ன வேலைக்கு அதெல்லாம் பிரச்சினை இல்லை. ஏஐயிடம் கேட்டு ஒரே ஒரு எச்டிஎம்எல் கோப்பு எடுத்தால் போதும், சிக்னல் இல்லாத வயற்கரையிலும் குரோமில் திறக்கும்.

எங்கள் பக்கத்துப் பெடியன் ஒருவன் அப்படித்தான் சிறுபோக (கோடை நெற்செய்கை) வயல் பங்குக் கணக்குப் போடுகிற ஆப் ஒன்று செய்தான். இரணைமடுக் குளத்தில் கிடக்கிற தண்ணீரைப் பார்த்து, ஏக்கருக்கு எவ்வளவு விதைக்கலாம் என்று கூட்டத்தில் முடிவெடுப்பார்கள் அல்லவா, அந்த விகிதத்தைப் போட்டால் அவரவர் பங்கைச் சொல்லும். பிழைச்செய்தி ஒன்றும் இல்லை, பட்டனெல்லாம் அழகு. இன்னும் ஏக்கரை விட்டுப் பரப்பு என்ற பழைய அளவிலேயே காணி பேசுகிற ஐயா ஒருவர் 12 பரப்பு வயல் என்று போட்டுப் பார்த்தார். முக்கால் ஏக்கர் என்றது.

"தம்பி, இது ஆற்ற கணக்கு? தோட்டக்காணிக்குத்தான் ஏக்கருக்கு 16 பரப்பு. வயலுக்கு 24 எல்லோ. என்ர காணி அரை ஏக்கர்."

"ஏஐ 16 எண்டுதான் போட்டது ஐயா."

"அது எந்த வாய்க்காலில தண்ணி பாய்ச்சினது?"

பெடியன் ஒரு வரியை மாற்றினான், சரியாகிவிட்டது. ஆனால் அந்த வரி அவன் கண்ணில் முதலிலேயே படவில்லை, அதுதான் என் கவலை. போன் திரையில் ஒரு நேரத்தில் கொஞ்ச வரிதான் தெரியும். ஏஐ எழுதித் தள்ளுகிற வேகத்துக்குப் பெருவிரல் 'சரி சரி' என்று அமர்த்திக்கொண்டே போகும். இப்படி நிரலைப் பார்க்காமலே ஏஐ தருவதை ஏற்றுக்கொண்டு போவதற்கு, ஏஐ ஆய்வாளர் ஆந்திரே கார்பதி 2025 பெப்ரவரியில் 'வைப் கோடிங்' என்று பெயர் வைத்தபோதே, வார இறுதியில் செய்து எறிகிற வேலைகளுக்குப் பரவாயில்லை என்றுதான் சொன்னார். தண்ணீர்ப் பங்கு எறிகிற வேலையா? ஊருக்குள் வெட்டுக்குத்து வரும்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் படிக்கிற தம்பி தங்கைமார் விடுமுறையில் ஒரு நாள் ஒதுக்கினால், பள்ளிப் பிள்ளைகளுக்கு நிரல் எழுதவும் ஏஐ எழுதியதை வரி வரியாகப் பார்க்கவும் போனிலேயே சொல்லிக் கொடுக்கலாம். விருப்பமுள்ளவர்கள் இன்பொக்ஸில் வாருங்கள். டெர்மக்ஸ் போட்டுத் தருவது என் பொறுப்பு. விடையைச் சரிபார்க்க வயல் செய்கிற ஒருவரையும் கூட்டி வாருங்கள்.